நாற்பது அடியில் தெரியும் கறுப்பு விளக்கு

ரோபோ என்றால் என்னவென்று அந்தப் போட்டிக் கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. விதி எழுதுவதற்கு அது தடையாக இல்லை. மொத்தம் முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தார்கள். ரோபோ என்ன செய்ய வேண்டும் என்பது அதில் அரைப் பக்கம்: தரையில் கிடக்கும் பன்னிரண்டு மரப்பெட்டிகளைத் தூக்கி அலமாரியில் அடுக்க வேண்டும், பத்து நிமிடத்தில் யார் அதிகம் அடுக்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ரோபோவின் தலையில் பொருத்த வேண்டிய அணி அடையாள விளக்கைப் பற்றி இருபத்திரண்டு பக்கம். மிச்சப் பக்கங்களில் கையெழுத்து விதிகள் கொஞ்சம், அப்புறம் கமிட்டி உறுப்பினர்களின் புகைப்படங்கள், மாலையோடும் மாலை இல்லாமலும்.

நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். நடத்தியது திருப்பதியில் திருச்சானூர் சாலையில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம், முழுப் பெயரையும் எழுதினால் கதைக்கு இடம் போதாது. கல்லூரியாவதற்கு முன்னால் அந்தக் கட்டடம் லாட்ஜாக இருந்தது. வகுப்பறைச் சுவர்களில் ‘வெந்நீர் காலை ஐந்து முதல் ஏழு வரை’ என்ற அறிவிப்பு இன்னும் அழியாமல் இருந்தது.

என் பெயர் ரூபா. அப்போது சித்தூரில் பாலிடெக்னிக் கடைசி வருடம், மெக்கானிகல். என்னோடு டைட்டஸ், எலக்ட்ரிகல். எங்கள் அணி அவ்வளவுதான். எங்கள் ரோபோவும் அவ்வளவுதான்: ஓர் இரும்புச் சட்டம், நாலு சக்கரம், முன்னால் பெட்டியைக் கவ்வ இரண்டு தகர விரல். மோட்டார் ஒரு பழைய லாரியின் வைப்பரிலிருந்து வந்தது. பெட்டியை மேலே ஏற்றும் சங்கிலி, என் நைனா மூட்டை தூக்கும் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கழித்துப் போட்டது. ரிமோட் என்று பெயர்தான். நாலு மீட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும்.

முதல் பரிசு வாங்கும் அணியை ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக வந்த ஒரு கம்பெனி நேராக இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் பாலிடெக்னிக் பக்கம் எந்தக் கம்பெனிக் காரும் வழி தவறிக்கூட வந்ததில்லை. எனக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான். அது மூடினால் மே மாதம் மாம்பழ சீசன். ஃபேக்டரியில் தோல் சீவ ஆள் எடுப்பார்கள். என் அம்மா பதினொரு சீசன் சீவினாள். அக்கா மூன்று சீசன் சீவிவிட்டுப் பெங்களூருக்குத் துணி தைக்கப் போனாள். அடுத்த கத்தி எனக்கு என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

விளக்கின் நிறத்தை ஒதுக்குவதற்கென்றே ஒரு நாள் எல்லா அணிகளையும் வரச் சொன்னார்கள். இருபத்து நாலு அணிகள். கமிட்டியின் கன்வீனர் டாக்டர் பாலையா மைக்கைப் பிடித்தார். கமிட்டிக்காரர்கள் பேசியதெல்லாம் தெலுங்கு. நான் அதை மாற்றாமல் தமிழில் தருகிறேன். மாற்றினால் கேலிக்காகச் சேர்த்தேன் என்பார்கள்.

“விளக்கு எதற்கு என்று கேட்கிறார்கள்” என்று பாலையா தொடங்கினார். “நடுவரும் மனிதர்தான். மனிதனுக்கு முகத்தைப் பார்த்தால் எந்த ஊர், யார் பிள்ளை, யாருடைய சிபாரிசு என்று யோசனை போகும். எனக்கே போகும். முப்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் போட்டியில் முகம் கிடையாது, பெயர் கிடையாது, கல்லூரி கிடையாது. விளக்கு மட்டும்தான். களத்துக்குள் யாரையும் விளக்கின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேடையிலிருந்து பார்த்தால் நாற்பது அடியில் விளக்கு தெரிய வேண்டும். தெரிகிற விளக்குக்கு மதிப்பெண் உண்டு. தெரியாத விளக்குக்குக் கிடையாது. இதைவிடச் சமத்துவம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

“நிறங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும்” என்று அவர் தொடர்ந்தார். “குலுக்கலில் தகராறு வரக்கூடாது என்பதற்காக முடிவை நேற்றே டைப் அடித்து வைத்துவிட்டோம்.”

பட்டியலைப் படிக்க எழுந்தவர் விளக்குத் துணைக்கமிட்டியின் தலைவி ருக்மணி மேடம். அவர் கையில் ஓர் அட்டை இருந்தது. சின்னச் சின்னத் துணித் துண்டுகள் வரிசையாக ஒட்டிய அட்டை. புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் மேட்சிங் சென்டரில் நீட்டுவார்களே, அதேதான். இருபத்து நாலு அணிக்கு இருபத்து நாலு நிறம் வேண்டுமென்று கமிட்டி மூன்று கூட்டம் போட்டும் ஏழு நிறத்துக்கு மேல் யாருக்கும் நினைவுக்கு வரவில்லையாம். மேடம்தான் காந்தி ரோடு கடையிலிருந்து அட்டையைக் கொண்டுவந்து கமிட்டியின் மானத்தைக் காப்பாற்றினார்.

நடத்துகிற கல்லூரியின் அணிக்கு மாம்பழ மஞ்சள். சேர்மனின் மைத்துனர் கல்லூரிக்கு அரக்குச் சிவப்பு. எம்.எல்.ஏ. கல்லூரிக்குக் கிளிப்பச்சை. அப்புறம் மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்று இறங்கிக்கொண்டே போனது. புத்தூரிலிருந்து வந்த அணிக்குக் காப்பிப்பொடி நிறம் விழுந்ததும் அவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இருபத்து நாலாவது துணி எங்களுக்கு. கறுப்பு.

எங்கள் விண்ணப்பம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. ரசீதில் எண் ஒன்று என்று போட்டிருந்தார்கள். அதைக் காட்டினேன். குலுக்கலில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

“மேல கீறவனுக்கு செவப்பு, மஞ்சள். நம்பளுக்கு கறுப்பு” என்று டைட்டஸ் என் காதில் சொன்னான். “குலுக்கல் நல்லாத்தான் குலுங்கிக்கீது.”

நான் மேடையருகே போய், “மேடம், கறுப்பு வெளிச்சம் என்று ஒன்று கிடையாதே” என்றேன்.

ருக்மணி மேடம் பொறுமையாகக் கேட்டார். “ஏம்மா, கறுப்பு நிறமா இல்லையா?”

“நிறம்தான் மேடம்.”

“விளக்கு விளக்கா இல்லையா?”

“விளக்குதான்.”

“அப்புறம் என்ன? கறுப்புப் புடவையைக் கொண்டுபோய்க் கறுப்பு ரவிக்கை கேட்டால் கடைக்காரர் இல்லையென்றா சொல்கிறார்?”

நான் பாலையாவைப் பார்த்தேன். அவர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே பிரின்சிபலின் கையெழுத்து, பச்சை மையில். “பார்த்தாயா? கையெழுத்தாகிவிட்டது. கையெழுத்துக்கு மேலே இயற்பியல் கிடையாது” என்றார்.

திரும்பி வந்து வீட்டில் சொன்னேன். நைனா அப்போதுதான் ஃபேக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“கறுப்பு வெளக்கா?” என்றார். “அது எரிஞ்சா இன்னா, அணைஞ்சா இன்னா? எவனுக்குத் தெரியும்?”

முப்பத்தொரு பக்கத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய நைனாவைக் கமிட்டியில் போட்டிருந்தால் அன்றைக்கே போட்டி முடிந்திருக்கும்.

“நான் போவல நைனா. சும்மா நம்பள வெச்சி வெளையாடிக்கினு கீறானுங்க” என்றேன்.

“நீ போவலன்னா அவனுங்க அழுவப் போறானுங்களா? சந்தோசமா அந்தக் கறுப்புத் துணிய கிழிச்சிப் போட்டுட்டு அடுத்த வேலயப் பாப்பானுங்க. கறுப்புதானே கேட்டானுங்க? கறுப்பாவே குடு.”

அது சரியென்று பட்டது. அவர்கள் எழுதிய விதியை அவர்களே வேண்டாமென்று சொல்லும் வரை அப்படியே பின்பற்றுவது என்று டைட்டஸும் நானும் முடிவு செய்தோம்.

பைக் இண்டிகேட்டரின் பல்பு ஒன்றை எடுத்தோம். அதை ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் வைத்து, டப்பா முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே கசியக் கூடாது; கசிந்தால் அது வெள்ளை விளக்கு, நிறம் தவறிய விளக்கு என்று எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கதவு ஜன்னலைச் சாத்தி, துணியைத் தொங்கவிட்டு, டைட்டஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம். அதைப் பெயின்ட் அப்பி அடைத்தான். அப்புறம் மறுபடி பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரில, ரூபா! சூப்பரா கீது!” என்று கத்தினான். விளக்கைப் போட்டதும் ஒன்றும் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்ட எலக்ட்ரிகல் மாணவன் உலகத்தில் அவன் ஒருவன்தான் இருப்பான்.

போட்டி அன்று காலை பாசஞ்சரில் கிளம்பினோம். ரோபோ என் மடியில், பாட்டரி டைட்டஸ் மடியில். பாகாலாவில் ஏறிய ஓர் அம்மா அது கிரைண்டரா என்று கேட்டாள். ரோபோ என்று விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, எத்தனை படி அரைக்கும் என்றாள். அன்றைக்கு நாங்கள் சந்தித்தவர்களில் தெளிவாக யோசித்த கடைசி ஆள் அவள்தான் என்று அப்போது தெரியவில்லை.

கல்லூரி வாசலில் விளக்குச் சோதனை. ரோபோவைச் சோதிக்க யாரும் இல்லை. சோதித்தவர் கங்கையா, அந்தக் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர். அன்றைக்கு மதிப்பெண் குறிக்கும் வேலையும் அவருடையதுதான். ஐம்பது வயது இருக்கும். கையில் படிவம், காதில் பேனா. படிவத்தில் இருப்பதை உரக்கப் படித்தார். “விளக்கு எரிகிறதா, கண்ணால் கண்டு உறுதி செய்க. எரிகிறதா?”

“எரிகிறது.”

குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “தெரியவில்லையே அம்மாயி.” பெண்பிள்ளையை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“கறுப்பு விளக்கு. தெரியாது.”

அவர் கொஞ்ச நேரம் படிவத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விரலை நீட்டி டப்பாவைத் தொட்டார். “அப்பா!” என்று விரலை உதறிவிட்டு முகம் மலர்ந்தார். “சுடுகிறது. எரிகிறது!” படிவத்தில் ‘கண்ணால்’ என்பதை அடித்துவிட்டு ‘கையால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டடத்தில் தான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதாத ஒரே மனிதர் அவர்.

அடுத்தது நாற்பது அடிச் சோதனை. அரங்கத்தின் ஒரு கோடியில் மேடையில் ருக்மணி மேடம், கையில் துணி அட்டையோடு. ஒவ்வோர் அணியாக ரோபோவை நிறுத்தினார்கள். கிளிப்பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, இது பாசிப்பச்சை என்று திருப்பி அனுப்பினார். வெங்காயத்தோல் அணி பல்பைச் சுற்றி நிஜமாகவே வெங்காயத்தோலை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சூட்டில் அது வதங்கி அரங்கம் முழுக்கத் தாளித்த வாசனை. காப்பிப்பொடி அணி வரவே இல்லை.

எங்கள் முறை வந்தது.

“போடு” என்றார் மேடம். டைட்டஸ் ஸ்விட்சைப் போட்டான். மேடம் அட்டையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். “கறுப்பு. அணை.” அணைத்தான். “கறுப்பு. மறுபடி போடு.” போட்டான். “கறுப்பு!”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒதுக்கிய நிறம் கொஞ்சமும் பிசகாமல் வந்த விளக்கு இது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.” விளக்குக்குப் பத்துக்குப் பத்து போட்டு, ‘நாற்பது அடியில் தெளிவாகத் தெரிகிறது’ என்று சான்றிதழ் கொடுத்தார். கீழே பாலையாவும் கையெழுத்துப் போட்டார். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆட்டங்கள் தொடங்கின. பெட்டி அலமாரியில் ஏறும் அந்த வினாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால்தான் அது கணக்கில் சேரும் என்று ஒரு விதி. மற்ற அணிகளுக்குக் கங்கையா நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறித்துக்கொண்டார். எங்கள் ஆட்டத்தில் பாவம், ரோபோவோடு கூடவே ஓடினார். ஒவ்வொரு பெட்டிக்கும் டப்பாவைத் தொட்டுப் பார்த்து, “சூடு உண்டு! ஒன்று. சூடு உண்டு! இரண்டு” என்று கத்திக்கொண்டே எழுதினார். இரண்டாவது ஆட்டத்தில் விரல் கொப்பளித்துவிட்டது. டைட்டஸ் பெட்டிக்கடையில் பற்பசை வாங்கிவந்து தடவிவிட்டான். மூன்றாவது ஆட்டத்துக்கு இடது கையை நீட்டினார்.

“எனக்கு உங்கள் விளக்கைப் பிடித்திருக்கிறது” என்றார் கங்கையா, விரலை ஊதிக்கொண்டே. “மற்றதெல்லாம் கண்ணைக் கூசுகிறது.”

எல்லாரையும் ஜெயித்து நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கமிட்டி இதை எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு எதிரே மாம்பழ மஞ்சள், நடத்துகிற கல்லூரியின் அணி. அவர்கள் ரோபோவின் மேல் ஜாத்திரைச் சப்பரம் மாதிரி ஒரு கோபுரம் கட்டி, அதில் ஓடுகிற விளக்கு, சுற்றுகிற விளக்கு, நின்று நின்று எரிகிற விளக்கு என்று மாட்டியிருந்தார்கள். ரோபோவைப் பார்க்க விளக்கை விலக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் சிறப்பு விருந்தினர் வந்தார். திருப்பதியில் சிறப்பு விருந்தினருக்குப் பஞ்சம் கிடையாது. மலைக்குத் தரிசனத்துக்கு வருகிறவரைப் பாதி வழியில் பிடித்து மாலை போட்டுவிடலாம். அன்றைக்கு வந்தவர் அந்த ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியின் பெரிய அதிகாரி. அவருக்கு ஆறு மணிக்குத் தரிசனம். கார் வாசலிலேயே நின்றது. மேடையிலிருந்து இறங்க மூன்று படி வைத்த ஒரே படிக்கட்டுதான், அதுவும் எங்கள் களத்தின் பக்கம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் பாலையா கங்கையாவைக் கூப்பிட்டார். “இனிமேல் ஓடக்கூடாது. பெரியவர் முன்னால் அசிங்கம். அந்தக் கறுப்பு ரோபோவை யாரும் தொடக்கூடாது. மேடையிலிருந்து கண்ணால் பார்த்துத்தான் கணக்கு.”

நான் சான்றிதழை நீட்டினேன். “சார், தெளிவாகத் தெரிகிறது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

அவர் வாங்கிப் படித்தார். “இது காலையில் கொடுத்தது. காலையில் தெரிந்தது. மத்தியானம் தெரியுமா என்பது மத்தியானம்தான் தெரியும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

விசில் அடித்தார்கள். மாம்பழ மஞ்சள் சப்பரம் ஜொலித்துக்கொண்டு புறப்பட்டது. நாலு பெட்டி வைத்தது. ஆறாவது நிமிடம் ரோபோவின் பாட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. விளக்குகளுக்குத் தனி பாட்டரி. அவை மட்டும் ஓடிக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருந்தன. மேடையில் கைதட்டல் நிற்கவே இல்லை. எங்கள் இரும்புச் சட்டம் கூழ் ஃபேக்டரிச் சங்கிலியைக் கடகடவென்று இழுத்து எட்டே நிமிடத்தில் பன்னிரண்டையும் அடுக்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பாலையா மைக்கில் முடிவைப் படித்தார்.

“வலது களத்தில் பன்னிரண்டு பெட்டிகள் அலமாரியை அடைந்தன. அவற்றைக் கொண்டுபோன அணியின் விளக்கு மேடைக்குத் தெரியவில்லை. ஆகவே பெட்டிகள் தாமாகவே போனதாகக் கமிட்டி கருதுகிறது. இடது களத்தில் நான்கு. வெற்றி, மாம்பழ மஞ்சள்!”

கங்கையாவின் தாளை எட்டிப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. சொன்னதைத்தான் எழுதியிருந்தார்: ‘பெட்டிகள் பன்னிரண்டு’. ‘கொண்டுபோனவர்’ என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

மேடைக்குக் கீழே போய் நின்றேன். “சார், இது அநியாயம்.”

“யாரம்மா நீ?” என்றார் பாலையா.

“கறுப்பு விளக்கு அணி.”

“அப்படி ஓர் அணியைக் கமிட்டி பார்க்கவில்லை.”

“உங்கள் கண்ணெதிரே நிற்கிறேன் சார்.”

“நிற்கலாம். ஆனால் விதிப்படி இங்கே முகம் கிடையாது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். உன் நன்மைக்காகத்தான் உன்னைப் பார்க்காமல் இருக்கிறேன்” என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் பொன்னாடையைக் கையில் எடுத்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மே மாதமும் தோல் சீவும் கத்தியும்தான் கண்முன்னால் வந்தன. அப்புறம் கோபம் வந்தது. அப்படியொரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

“வா ரூபா, போலாம்” என்றான் டைட்டஸ். அவன் கண் கலங்கியிருந்தது. “பாசஞ்சர் போயிடும்.”

“போவட்டும். நீ வயரு சிக்காம புடி.”

“இன்னா பண்ணப் போற?”

“பெட்டிங்க தானா போச்சி இல்ல? தானா திரும்பி வரட்டும்.”

ரிமோட்டை எடுத்தேன். ரோபோ அலமாரியருகே போய் ஒரு பெட்டியைக் கவ்வி இறக்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்து, படிக்கட்டின் முதல் படியில் வைத்தது. திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்தது. அரங்கத்தில் யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது பெட்டி வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐந்தாவது பெட்டியில் படிக்கட்டு காணாமல் போயிற்று.

பாலையா பொன்னாடையோடு முன்னால் வந்தார். “ஏ அம்மாயி! நிறுத்து!”

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். “யாரைச் சார் கூப்பிடுகிறீர்கள்? களத்துக்குள் யாரையும் விளக்கின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.”

“அதை நிறுத்து என்கிறேன்!”

“எதை சார்?”

ஆறாவது பெட்டி வந்து உட்கார்ந்தது. பாலையா தொண்டர் மாணவர்களைப் பார்த்து, அந்தப் பெட்டிகளை எடுங்கடா என்றார். கங்கையா எழுந்து நின்றார். மதிப்பெண் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“சார், மதிப்பெண் தாளில் இன்னும் கையெழுத்தாகவில்லை. கையெழுத்தாகும் வரை பெட்டியை யாரும் கையால் தொடக்கூடாது. பதினேழாம் பக்கம். அந்த ரோபோவைத் தொடக்கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.”

சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “டாக்டர், எனக்கு மலைக்கு நேரமாகிறது. இங்கே என்ன நடக்கிறது?”

“ஒன்றுமில்லை சார்” என்றார் பாலையா.

“அந்த ஒன்றுமில்லாதது என் வழியை மறித்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறதே!”

“இல்லை சார், அது... பெட்டிகள் தாமாக...” என்று பாலையா தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். ஏழாவது பெட்டி முதல் வரிசைக்கு மேலே ஏறியது. அரங்கம் முழுக்க இப்போது சத்தமாகச் சிரித்தது. மேடை மூன்றடி உயரம். பெரிய அதிகாரி வேட்டி கட்டியிருந்தார், தரிசனத்துக்காக. குதிக்க முடியாது. ருக்மணி மேடம் கையில் அட்டையோடு எழுந்து, “சொல்லிவிடுங்கள் சார், சொல்லிவிடுங்கள். காலையில் நான் பார்த்தேனே!” என்றார்.

எட்டாவது பெட்டி வந்தபோது பாலையா மைக்கைப் பிடுங்கினார்.

“கறுப்பு விளக்கு அணி! நிறுத்து!”

அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாக வெளியே திருச்சானூர் சாலை வரை போனது. நான் நிறுத்தவில்லை.

கங்கையா தாளை எடுத்துக்கொண்டு பெட்டி அடுக்கின் இந்தப் பக்கம் வந்து நின்றார். “சார், விளக்கு மேடைக்குத் தெரிகிறதா?”

“தெரிகிறது, தெரிகிறது!”

“அலமாரியில் பன்னிரண்டு பெட்டி வைத்தது இந்த அணிதானா?”

“ஆமாமய்யா, இதேதான்! எழுதித் தொலை!”

காதிலிருந்து பேனாவை எடுத்தார். கொப்பளித்த விரலை மடக்க முடியாமல், மற்ற விரல்களால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, விட்டுவைத்த இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். விளக்கின் நிறத்தை எழுதினார். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ரூபா என்றும் டைட்டஸ் என்றும் எழுதினார். பெட்டிகளுக்கு மேலாகத் தாளை எட்டி நீட்டினார். பாலையா கையெழுத்துப் போட்டார். பெரிய அதிகாரி ஒன்பதாவது பெட்டியைப் பார்த்துக்கொண்டே அவரிடமிருந்து தாளை வாங்கி, பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

“இப்பவாவது நிறுத்தம்மா” என்றார் பாலையா. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கங்கையா தாளைத் திரும்ப வாங்கி மையின் மேல் ஊதிக்கொண்டிருந்தார். அது காயும் வரை காத்திருந்து பத்தாவது பெட்டியையும் வைத்தேன். அப்புறம்தான் ரோபோவின் ஸ்விட்சை அணைத்தேன்.